எடைச்சக்கரத்தில் ஓர் இடம்

வெள்ளிக்கிழமை காலையில் தாமிராவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட பிறகு, செண்பகவல்லி மகளின் இடது தோளில் இருக்கும் பழைய பட்டையை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுவாள். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத, தோல் நிறத்துப் பட்டை. ஒட்டியதும் அதன் ஓரங்களை உள்ளங்கைச் சூட்டில் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். செண்பகவல்லிக்கு அந்தச் சற்று நேரம் மிகவும் பிடிக்கும். வாரத்தில் மகள் அசையாமல் அவளருகே உட்கார்ந்திருப்பது அப்போது மட்டும்தான்.

"போதும்மா, நல்லா ஒட்டிட்டு," என்றாள் தாமிரா.

"இரு பிள்ள. ஓரம் தூக்குது."

ஓரம் தூக்கவில்லை.

தாமிராவுக்குப் பதினைந்து வயது முடிந்திருந்தது. முகமும் குரலும் பத்து வயதுக் குழந்தையுடையவை. கைகால்கள் மட்டும் நிற்காமல் நீண்டுகொண்டே போயின. உட்கார்ந்தால் சின்னப்பிள்ளை; எழுந்து நின்றால் அம்மாவின் காதுவரை வருவாள். அம்மாவோ அந்த ஊரிலேயே நெட்டையான பெண்களில் ஒருத்தி.

இருவரும் சேர்ந்தே வெளியே கிளம்பினார்கள். நிலவின் தென்முனையில், பாறையைக் குடைந்து கட்டிய பொருநை நகரில் நடப்பது பாதி மிதப்பது போலத்தான். ஓர் எட்டு வைத்தால் உடம்பு எழும்பி, நிதானமாகக் கீழே இறங்கும். நீண்ட கால் உள்ளவர்களுக்கு அந்த நடை அழகாக அமையும். எதிரே வந்த காற்றுக்குழாய் மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று சொல்லிப் போனார். செண்பகவல்லிக்கு அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தாமிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளோடு பள்ளியில் சேர்ந்த பெண்கள் எல்லாரும் எடைச்சக்கரத்துக்குப் போய், இரண்டு ஆண்டுகள் தங்கித் திரும்பிவிட்டார்கள். போகும்போது ஒல்லிக்குச்சிகளாக இருந்தவர்கள், வரும்போது அகன்ற தோளும் திடமான காலுமாக, ஆளே மாறி வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் தணிந்த குரலில் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். தாமிரா பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, தங்கச்சியிடம் கேட்பது போல, சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். பரிமாறுகிறவர்கள் இன்னும் அவளுக்குச் சின்னத் தட்டைத்தான் வைத்தார்கள்.

பள்ளி வாசலில் தாமிரா நின்றாள். "எனக்கு எப்பம்மா முறை வரும்?"

"வரும்போது வரும். நீ போ."

செண்பகவல்லி வேலை பார்த்த கீரைக்கூடத்தில், தரை முதல் கூரைவரை அடுக்கடுக்காகத் தட்டுகள் இருந்தன. ஏணி இல்லாமலே மேல்தட்டுக்குக் கை எட்டுகிறவள் அவள் ஒருத்திதான். அன்று அவள் உள்ளே நுழைந்ததும் கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்தபடி சூழ்ந்துகொண்டார்கள். மேசைமேல் அல்வா டப்பா ஒன்று இருந்தது. ஜெயசிங் வீட்டிலிருந்து வந்தது. அவர்கள் பையன் வரும் சேர்க்கையில் சக்கரத்துக்குப் போகிறான்.

அந்த அல்வாவுக்கு அங்கே ஒரு பொருள் உண்டு. நகரம் புதிதாக இருந்தபோது, எல்லாமே பற்றாக்குறையாக இருந்த காலத்தில், தனக்கு வந்த முறையை அவசரமான இன்னொரு வீட்டுக்கு விட்டுக்கொடுப்பதைப் பெரிய புண்ணியமாக வைத்திருந்தார்கள். தண்ணீரில் தொடங்கிய வழக்கம் பிறகு எல்லா முறைகளுக்கும் வந்துவிட்டது. வாங்கிக்கொண்ட வீடு அல்வா கிண்டி அனுப்ப வேண்டும். கோதுமைக்குப் பதில் நீர்ப்பாசி மாவு, நெய்க்குப் பதில் ஏதோ ஒன்று. ஆனாலும் அது அல்வாதான். பிள்ளையின் முறையை விட்டுக்கொடுத்தால், டப்பா வேலையிடத்துக்கு வரும். அந்தப் பிள்ளையின் காதில் விஷயத்தைப் போடக் கூடாது என்பதும் வழக்கம்.

செண்பகவல்லிக்கு வந்தது மூன்றாவது டப்பா.

எல்லாரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் யாருக்கு இந்த மனது வரும் என்றார்கள். அவள் கணவன் சங்கரபாண்டியும் முந்தின நாள் இதையேதான் சொன்னான். பனிச்சுரங்கத்தில் அவனோடு வேலை பார்ப்பவர்கள், உன் பெண்டாட்டி தங்கம் என்று சொன்னதாகப் பெருமையோடு சொன்னான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

உண்மையில் அவளுக்கு யார் பிள்ளை மேலும் கருணை பொங்கவில்லை. சக்கரத்துக்குப் போகும் பிள்ளையோடு இரண்டு ஆண்டுகள் ஒரு பெரியவர் துணையாக உள்ளே தங்க வேண்டும். தாமிராவுக்குத் துணையாகப் போகக்கூடியவள் சொந்தத்தில் ஒருத்திதான். செண்பகவல்லியின் தங்கை உலகம்மை.

எடைச்சக்கரம் நகருக்கு அருகே ஒரு பெரிய பள்ளத்துக்குள் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்த வளையம். அதன் உள்ளே போனால் உடம்புக்குப் பூமியில் இருக்கும் கனம் வந்துவிடும். பொருநையில் பிறந்த குழந்தைகள் பருவ வயதை அதற்குள் கழிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வயதில்தான் எலும்பு விருட்டென்று நீளும், தடிக்கும், வாழ்நாளுக்கான சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை நிலவின் லேசான ஈர்ப்பில் நடக்கவிட்டால் எலும்பு நீளும், உறுதிப்படாது. சக்கரத்தில் இடமோ கொஞ்சம். ஆகவே பருவத்தின் முதல் அறிகுறி தெரிந்ததுமே பட்டையை ஒட்டிவிடுவார்கள். மூளையிலிருந்து கிளம்பும் பருவச் செய்தியை அது தடுத்து நிறுத்தும். முறை வந்ததும் உரித்துவிட்டால், நின்ற இடத்திலிருந்து உடம்பு தன் வேலையைத் தொடங்கும்.

செண்பகவல்லி வளர்ந்தபோது சக்கரம் இல்லை, பட்டையும் இல்லை. அவளும் சங்கரபாண்டியும் அவர்கள் வயதுக்காரர்களும் லேசான உலகத்தில் கொடிபோல நீண்டு வளர்ந்தவர்கள். முருங்கை என்று அவர்களுக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர். உயரம் உண்டு, கிளை சட்டென்று முறியும். பதிலுக்கு அவர்களும் சக்கரத்திலிருந்து வந்தவர்களை உலக்கை என்பார்கள். முருங்கைகள் சக்கரத்தின் விளிம்புக்குப் போக முடியாது. உடம்பின் சொந்தக் கனமே தொடை எலும்பை ஒடித்துவிடும்.

சக்கரம் முதன்முதலாகச் சுழன்றபோது செண்பகவல்லிக்குப் பதினாறு வயது. எலும்பை நீளவைக்கும் வளர்தட்டுகள் மூடிவிட்டன என்று சொல்லி அவளைச் சேர்க்கவில்லை. உலகம்மைக்குப் பதினொன்று. அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். துணையாகப் போனது அவர்களுடைய அம்மா. அவள் பூமியில் பிறந்தவள். இரண்டு ஆண்டுகள் கழித்து இருவரும் வெளியே வந்தபோது, அவர்களுக்குள் ஒரு பேச்சும் ஒரு சிரிப்பும் இருந்தன. செண்பகவல்லி கதவுக்கு வெளியே நின்றவள் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இறக்கும்வரையில் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

பிறகு உலகம்மை பூமிக்குப் படிக்கப் போனாள். மழையில் நனைந்தாள். தாமிரபரணியில் இறங்கிக் குளித்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லித் திரும்பி வந்து, நகருக்கு வெளியே தொலைவில் பனிவெளியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தாமிரா அவளை விட்டு நகர மாட்டாள். குளிர் என்றால் எப்படி இருக்கும் சித்தி, ஆற்றில் காலை வைத்தால் இழுக்குமா சித்தி என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்து அறையில் செண்பகவல்லி துணியை மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். மடித்த துணியையே மறுபடியும் மடிப்பாள்.

முதல் முறை வந்தபோது, அடுத்த சேர்க்கையில் அனுப்பலாம் என்று உண்மையாகவே நினைத்துத்தான் விட்டுக்கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் மகளின் கைகால்கள் தன்னைப்போல நீள்வதைக் கவனித்தாள். பட்டையை ஒட்டும் ஒவ்வொரு வாரமும் தாமிரா இன்னும் கொஞ்சம் அவளாக மாறிக்கொண்டிருந்தாள். உலகம்மையின் சாயல் எங்கேயும் இல்லை. இரண்டாம் முறையை விட்டுக்கொடுக்க அவள் அதிகம் யோசிக்கவில்லை. மூன்றாவதற்கு யோசிக்கவே இல்லை.

ஜெயசிங் வீட்டு அல்வா தீர்வதற்குள் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. டாக்டர் ஜெபராணி அம்மாவையும் மகளையும் எதிரே உட்காரவைத்து, தாமிராவின் மணிக்கட்டுப் படத்தைத் திரையில் போட்டார். எலும்பின் நுனியருகே மெல்லிய இருண்ட கோடு ஒன்று தெரிந்தது. அதுதான் வளர்தட்டு, இன்னும் திறந்தே இருக்கிறது, அதனால்தான் பிள்ளை நெட்டையாகிறாள் என்றார். பருவம் தொடங்கினால் வளர்ச்சி ஹார்மோனும் ஈஸ்ட்ரோஜனும் கைகோத்து எலும்பை ஒரு தாவு தாவவைக்கும். எலும்புக்குள் சத்தை ஏற்றும். கடைசியில் அந்த ஈஸ்ட்ரோஜனே தட்டை மூடிவிடும். ஆண்பிள்ளைகளுக்கும் மூடுவது அதுதான் என்று விளக்கினார். தாமிரா விஷயத்தில் நீளம் மட்டும் நடக்கிறது; சத்து ஏறவில்லை. இப்படியே தள்ளிப்போட்டால், பிறகு சக்கரத்துக்கே போனாலும் எலும்பு வாங்கிக்கொள்ளும் அளவு குறைந்துவிடும்.

"இந்தச் சேர்க்கையில ஒரு எடம் ஒழிஞ்சிருக்கு. இதையும் விட்டா, பட்டைய நான் இங்கனயே உரிச்சிருவேன். காலம் பூரா பிள்ள இந்த ஊருக்குள்ளதான்," என்றார் டாக்டர். பிறகு, பாராட்டுகிற குரலில், "மூணு தடவ விட்டுக்கொடுத்தாச்சு. ஊருக்குச் செஞ்சது போதும், செண்பகம்," என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் பிள்ளை எதிரே இருப்பது அவருக்கு நினைவு வந்தது. தாமிரா டாக்டரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"மூணு தடவையா?"

தாமிரா எழுந்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். அன்று அவள் வீட்டுக்கு வரவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த சித்தியின் குடியிருப்பில் இருக்கிறாள் என்று சங்கரபாண்டி விசாரித்து வந்து சொன்னான். பிள்ளைக்கு மெதுவாக எடுத்துச் சொன்னால் அம்மாவின் பெருந்தன்மை புரியும் என்றும் ஆறுதல் சொன்னான். அவன் நம்பிக்கை அவளை இன்னும் கூசவைத்தது.

மறுநாள் காலையில் உலகம்மை வந்தாள். அவள் நடக்கும்போது கால் தரையில் பதிந்து பதிந்து எழும். வாசலிலேயே அக்காவுக்கு அந்தச் சத்தம் தெரியும். உள்ளே வந்து, கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு அல்வாவ நம்பிட்டேன். மூணாவத நம்ப முடியலக்கா," என்றாள்.

செண்பகவல்லி பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள்.

"நான் போறதுதான ஒனக்குக் கஷ்டம்? நான் போகல. சொந்தத்துல ஆளில்லாத பிள்ளைகளுக்குப் பொதுத்துணைன்னு ஆளு இருக்காவ. நல்லா பாத்துக்கிடுவாவ. எழுதிக் குடுத்துருவோம்."

கேட்ட மாத்திரத்தில் செண்பகவல்லியின் நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்து இளகியது. அந்த நிம்மதியை அவளால் மறைக்க முடியவில்லை. உலகம்மை அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

வெகுநேரம் கழித்து செண்பகவல்லி கேட்டாள். "ஏட்டி உலகு, நீயும் அம்மையும் உள்ள இருந்தப்போ, அம்ம என்னப் பத்திப் பேசுவாளா?"

எத்தனையோ ஆண்டுகளாகத் தொண்டைவரை வந்து திரும்பிய கேள்வி அது. அக்காவுக்கு இனிப்பாக ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று உலகம்மை யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

"மொத மாசமெல்லாம் பேசுவா. அழுவா. பெறகு பேசல. அங்க அப்பிடி வலிக்கும்க்கா. எலும்பு நீளும்போது ராவெல்லாம் கால் கொடையும். மேல நம்ம கனம் வேற. நான் கத்துவேன். அம்ம என் கால எடுத்து மடியில போட்டு அமுக்கிக்கிட்டே இருப்பா. அவளுக்கு வேற ஒண்ணும் நெனைக்க நேரமில்ல. எனக்கும் அவளத் தவிர வேற யாரையும் நெனைக்கத் தெரியல."

"தாமிராவுக்கும் அப்பிடித்தான் இருக்குமா?"

"அவளுக்கு இன்னும் கூட வலிக்கும். வயசு தள்ளிப்போச்சில்லா."

செண்பகவல்லி தன் நீண்ட கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண், முறைப்படி, பொறுப்பாக, மகளின் காலை அமுக்குவதை நினைத்துப் பார்த்தாள். அந்தக் காட்சியில் பொறாமைப்பட எதுவும் இல்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. பிறகு அதே இடத்தில் உலகம்மையை வைத்துப் பார்த்தாள். வயிறு எரிந்தது.

"நீதான் போகணும்," என்றாள்.

"அக்கா, பெறகு நீ கஷ்டப்படுவ..."

"வேற யாரையாவது அனுப்பினா எனக்கு நிம்மதியாத்தான் இருக்கும். பிள்ளைக்கு இருக்காது. நீ போ." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "போயிட்டு வந்து ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம சிரிச்சிய, நான் பொறுக்க மாட்டேன்."

உலகம்மை அக்காவின் கையைப் பிடிக்கப் போய், தன் பிடியின் பலம் நினைவுக்கு வந்து, விரல்களை மட்டும் மெல்லத் தொட்டாள்.

சக்கரத்தின் வாசல் அதன் நடு அச்சில் இருந்தது. அங்கே நிலவின் லேசான கனம்தான். முருங்கைகளும் அதுவரை வரலாம். சேர்க்கை நாளில் குடும்பங்கள் கூட்டமாக நின்றன. பட்டையைக் கடைசியாக உரிப்பது அம்மாவின் உரிமை. ஜெயசிங்கின் மனைவி தன் பையனுக்கு உரித்துவிட்டு, செண்பகவல்லியைப் பார்த்து நன்றியோடு கைகூப்பினாள். செண்பகவல்லி திருப்பிக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தாமிரா அத்தனை நாளும் அவளோடு பேசியிருக்கவில்லை. இப்போது தோளைக் காட்டித் திரும்பி நின்றபடியே கேட்டாள்.

"எதுக்கும்மா அப்பிடிச் செஞ்ச? எல்லாரும் ஒன்னப் பெரிய மனசுக்காரின்னு சொல்லுதாவ. நீ சொல்லு."

"பெரிய மனசெல்லாம் இல்ல. ஒன்ன ஒங்க சித்திக்கிட்ட விட எனக்கு மனசு வரல."

தாமிரா திரும்பாமலே கேட்டாள். "இப்ப மனசு வந்துட்டா?"

"இல்ல."

அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுத்தான் தாமிரா திரும்பிப் பார்த்தாள். குழந்தை முகத்தில் கோபம் இன்னும் இருந்தது. ஆனால் அம்மா முதல்முறையாகத் தன்னிடம் ஒரு பெரியவளிடம் பேசுவது போலப் பேசியிருக்கிறாள் என்பதும் அவளுக்குப் புரிந்திருந்தது. செண்பகவல்லி பட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, வலிக்காமல் உரித்தாள். அடியில் தோல் வெளுத்திருந்தது. உள்ளே போகும் கூண்டில் உலகம்மை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

முதல் மாதங்களில் தாமிரா தினமும் திரையில் வந்தாள். கால் வலியைப் பற்றிச் சொன்னாள். தரையிலிருந்து ஒரு தட்டை எடுப்பதே மலையைத் தூக்குவது போல இருக்கிறது என்று அழுதாள். பிறகு பேச்சு குறைந்தது. அழைப்பை உலகம்மையே எடுத்தாள். பிள்ளை தூங்குகிறாள், பிள்ளை பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்றாள். உலகம்மை சொன்னது போலவே எல்லாம் நடந்தது. தெரிந்திருந்தும் செண்பகவல்லிக்கு அது குறைவாக வலிக்கவில்லை. திரை அணைந்த பிறகு சில நாட்கள் சங்கரபாண்டியின் மேல் எரிந்து விழுவாள். அவன், தங்கமான மனைவிக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் விழிப்பான். ஒருநாள் அவனுக்கும் உண்மையைச் சொன்னாள். அவன், அந்த அல்வாவை நானும் தின்றேனே என்றான்.

ஓராண்டு முடிவதற்குள், ஒரு மதிய வேளையில், உலகம்மை கூப்பிட்டாள். தாமிரா பெரியவளாகிவிட்டாள் என்றாள். செண்பகவல்லி கீரைத்தட்டுகளுக்கு நடுவே அப்படியே நின்றாள். பொருநையில் என்றால் அவள்தான் மகளுக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாள்; அவள்தான் புதுத்துணி எடுத்துக் கொடுத்திருப்பாள்.

"பிள்ளையக் காட்டு," என்றாள்.

உலகம்மை திரையைத் திருப்பினாள். சுவரோரம் சித்தியின் பக்கத்தில் தாமிரா உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லிக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கன்னம் திரண்டிருந்தது. தோள் அகன்றிருந்தது. புதிதாகத் தடித்த குரலில், அம்மா, வயிறு வலிக்குது என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே சரிந்து, உலகம்மையின் தோளில் சாய்ந்துவிட்டாள். உலகம்மையின் உடம்பு ஒரு பக்கமாக இறங்கியது. அவள் காலை ஊன்றி நிமிர்ந்துகொண்டாள்.

நிலவில் யாரும் யார்மேலும் அப்படிச் சாய முடியாது. சாய்ந்தாலும் இறகு பட்டது போல இருக்கும். மகள் தன் உடம்பு முழுவதையும் ஒருவர் மேல் போட்டு ஓய்வெடுப்பதை செண்பகவல்லி அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்தத் தோள் தன்னுடையதாக இருந்திருந்தால் இந்நேரம் முறிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தோளின்மேல் அவளுக்குத் தாங்க முடியாத பொறாமையாக இருந்தது.

தாமிரா தூங்கிப்போனாள். உலகம்மை அசையாமல், தணிந்த குரலில், பெறகு கூப்பிடட்டுமாக்கா என்று கேட்டாள்.

"வைக்காத," என்றாள் செண்பகவல்லி. திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். "கனக்காளா?"

"தோளு எறங்கிப்போச்சு."

"எப்பிடின்னு சொல்லு. எந்த எடத்துல அழுத்துது, கழுத்துக்கிட்டயா, கீழயா? மூச்சு மேல படுதா? மெதுவா, ஒண்ணொண்ணாச் சொல்லு. நான் கேக்குதேன்."

உலகம்மை சொல்லத் தொடங்கினாள்.